மழைச் சத்தமும் இரண்டு டேப் ரிக்கார்டர்களும்

மலர்க் குழுவினர் "ஏதாவது வரலாறு எழுதித் தாப்பா" என்று கேட்டவுடன், ஹாஸ்டலில் என்னைக் கேலிப் பொருளாக்கிய ஓர் இசைத்தட்டுதான் நினைவுக்கு வந்தது. 2009-ல் என் அறையில் அதைப் போட்டால் பக்கத்து அறை நண்பர், "டேய், ஃபேன் ஓடுற சத்தத்தையெல்லாம் பாட்டுன்னு கேக்குறியே!" என்பார். இந்தச் சந்திப்புக்கு அவரும் வருகிறார். அவருக்கான பதிலாகவும் இதைக் கொள்ளலாம்.

தட்டின் பெயர் 'டிஸ்க்ரீட் மியூசிக்'. வெளிவந்த ஆண்டு 1975. ஆக்கியவர் இங்கிலாந்தின் பிரையன் ஈனோ. 'ராக்ஸி மியூசிக்' என்ற ராக் குழுவில் சிந்தசைசர் வாசித்து, 1973-ல் விலகியவர். படித்தது ஓவியம், முறையாகச் சங்கீதம் கற்றவரல்ல. டேப் ரிக்கார்டரையே வாத்தியமாக நினைத்தவர்.

1975 ஜனவரியில் லண்டனில் ஒரு டாக்ஸி மோதி, ஈனோ படுத்த படுக்கையானார். பார்க்க வந்த தோழி ஜூடி நைலன், பதினெட்டாம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்தார். அவர் போனபின் சிரமப்பட்டு எழுந்து தட்டைப் போட்டாராம் ஈனோ. திரும்பி வந்து படுத்த பிறகுதான் தெரிந்தது, ஆம்ப்ளிஃபயரில் ஒலி மிகக் குறைவாக இருக்கிறது, ஸ்டீரியோவில் ஒரு பக்கம் வேலையே செய்யவில்லை என்று. மறுபடி எழுந்து திருகத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்குள் ஹார்ப் பாதி கேட்டது, பாதி கரைந்தது. இசை என்பது அறையின் வெளிச்சம்போல, மழைபோல, சூழலின் ஒரு பகுதியாக இருக்கலாமே என்று அப்போது தோன்றியதாக அந்தத் தட்டின் உறையிலேயே எழுதினார். (எரிக் சாட்டி என்ற பிரெஞ்சுக்காரர் 1917-லேயே 'மேஜை நாற்காலி இசை' என்று ஒன்றைச் சொல்லியிருந்தார் என்பது வேறு விஷயம்.)

நம்மவர்களுக்குப் பிடிக்கக்கூடியது அடுத்த கட்டம். அதே ஆண்டு மே மாதம் அவர் செய்தது, சுத்தமான எலெக்ட்ரானிக்ஸ் பாடம். சிந்தசைசரில் வெவ்வேறு நீளமுள்ள இரண்டு சின்ன மெட்டுகள். அவை முதல் டேப் ரிக்கார்டரில் பதிவாகும். அதே டேப் நீண்டு போய் இரண்டாவது ரிக்கார்டரில் ஒலிக்கும். அந்த ஒலி மீண்டும் முதல் ரிக்கார்டருக்கே உள்ளீடாகப் போகும். ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் மங்கி, புதிதாக வருவதன் மேல் படியும். திரும்பும் பங்கு ஒன்றுக்குக் குறைவாக இருந்தால் மெல்ல அடங்கும். ஒன்றைத் தாண்டினால் அலறும். (எங்கள் ப்ராஜெக்ட் அலறியது. அதற்குப் பிறகு வருகிறேன்.) இந்த உத்தியும் அவர் கண்டுபிடித்ததல்ல, அமெரிக்காவின் டெரி ரைலி 1960-களிலேயே செய்தது. ஈனோ கதவைத் தட்டுபவர்களுக்கும் டெலிபோனுக்கும் பதில் சொல்லிக்கொண்டே, கருவியைத் தன்போக்கில் ஓடவிட்டார். முப்பது நிமிட இசை ஆயிற்று. தட்டின் பின்னட்டையில் அந்த இணைப்புகளின் வரைபடத்தையே அச்சிட்டார்!

பிறகு 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' வந்தது. 'ஆம்பியன்ட்' என்ற பெயரை அவர் தட்டின் தலைப்பிலேயே வைத்தது இதில்தான். ஒரு பகுதியில் பெண்கள் பாடிய ஒற்றை ஸ்வரங்கள், வளையமாக ஒட்டிய நீண்ட டேப்களில் சுற்றுகின்றன. கொலோன் அருகே கோனி பிளாங்க் ஸ்டூடியோவில் நாற்காலிக் கால்களைச் சுற்றி அவற்றை ஓடவிட்டார்களாம். மூன்று வளையங்களின் நேரத்தை 1996-ல் ஓர் உரையில் சுமாராகச் சொன்னார்: 23½, 25⅞, 29¹⁵⁄₁₆ விநாடி. சும்மா இருக்க முடியாமல் மீச்சிறு பொது மடங்கு போட்டுப் பார்த்தேன். மூன்றும் ஒன்றாகத் தொடங்கினால் மறுபடி ஒன்றாகச் சேர ஏறத்தாழ 27 நாள் ஆகும். தட்டில் இருப்பதோ ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. ஒரே மாதிரி இருக்கிறது என்றாரே நண்பர், இரண்டாம் தடவை வருவதற்கு அவர் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

மழைக் கதைக்கு இன்னொரு பாடம் உண்டு. எனக்கு அது பிற்பாடுதான் தெரியவந்தது. தற்செயல் என்று எதுவும் நடக்கவில்லை, தட்டைப் போட்டதே நான்தான் என்றார் ஜூடி நைலன். மழையும் ஹார்ப்பும் படுத்திருப்பவர் காதுக்கு எப்படிச் சேரும் என்று பார்த்துப் பார்த்து ஒலியைச் சரிசெய்தாராம். ஈனோவும் உடனே புரிந்துகொண்டு உதவினாராம். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் யார்? ஆனால் புத்தகங்களில் அதிகம் வருவது ஈனோவின் கதைதான்.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2010-ல் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டாக நாங்கள் மூன்று பேர் எதிரொலி சர்க்யூட் செய்தோம். வைவாவுக்கு முதல் நாள் மாலை, ஸ்விட்ச் போட்டாலே ஸ்பீக்கர் ஊளையிட்டது. கணக்கையெல்லாம் திரும்பப் போட்டுக்கொண்டிருந்தோம். பூட்டுச் சாவியோடு காத்திருந்த லேப் அண்ணன், "தம்பி, திரும்பி வர்றது ஜாஸ்தியா இருக்கு" என்று சொல்லி, ஒரு ரெசிஸ்டரை மாற்றி, காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டு பிரிசெட்டைத் திருகினார். எட்டு மணிக்கு ஊளை நின்றது. மறுநாள் எக்ஸ்டர்னல் கேட்டபோது, "சும்மா திருகிட்டே இருந்தோம் சார், அதுவா செட் ஆயிடுச்சு" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள். நல்ல மார்க்.

போன மாதம் கல்லூரிக்கு வந்தபோது லேபில் விசாரித்தேன். அண்ணன் ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டாராம். நூலக அலமாரியில் எங்கள் ரிப்போர்ட் இன்னும் இருக்கிறது. நன்றியுரைப் பக்கத்தைப் புரட்டினேன். முதல்வர், துறைத் தலைவர், பெற்றோர், நண்பர்கள் என்று பதினோரு வரி. அவர் இல்லை.