தோட்ட வாயிலில் நின்ற வடம்: ஒளியிழை இணையமும் மலேசியத் தோட்டப்புறங்களும்

மலேசியாவின் உட்புறப் பகுதிகளுக்கு ஒளியிழை இணையம் தாமதமாகச் சென்றதற்குத் தொலைவும் செலவுமே காரணங்களாகப் பொதுவாகக் கூறப்படுகின்றன. சபா, சரவாக் உட்பகுதிகளைப் பொறுத்தவரை இஃது உண்மையே. ஆயின், பட்டணத்திலிருந்து அரைமணி நேரப் பயணத்தில் அடையத்தக்க தீபகற்பத் தோட்டங்களுக்கு அவ்விளக்கம் போதாது. அங்கே வடத்தை வாயிலோடு நிறுத்தியதில் நிலவுடைமைக்கே பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

தொலைத்தொடர்பு வடத்துக்கும் இம்மண்ணுக்கும் உள்ள உறவு பழையது. மலாயாக் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பாலிலிருந்து பெறப்பட்ட கட்டாப்பெர்ச்சாவைச் சிங்கப்பூரில் பணியாற்றிய மருத்துவர் வில்லியம் மொன்கோமெரி 1843இல் இலண்டனுக்கு அனுப்பினார். கடல்நீரில் கெடாத அப்பொருளே 1851இல் ஆங்கிலக் கால்வாயிலும் 1866இல் அட்லாண்டிக்கிலும் இடப்பட்ட தந்தி வடங்களுக்கு உறையாயிற்று. 1870-71இல் சென்னை, பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய மூன்றையும் கடலடித் தந்தி இணைத்தது. பின்னாளில் அதே கடலைக் கப்பலில் கடந்து வந்த தொழிலாளிக்கு அவ்வடத்தால் நேரடிப் பயன் ஏதுமில்லை. ரப்பர் விலை தந்தியில் வந்தது. ஊர்ச் செய்தி கடிதத்தில் வந்தது.

தோட்டம் தனியார் நிலம். எனவே அங்கு வாழ்வோருக்கு நீரும் விளக்கும் தருவது முதலாளியின் கடமை என்ற நிலைப்பாட்டைக் காலனி அரசும், விடுதலைக்குப் பின் வந்த அரசும் ஏற்றுக்கொண்டன. கிராம மேம்பாட்டு நிதி கம்பங்களுக்குச் சென்றபோது, மாலையில் சில மணி நேரமே ஓடும் ஜெனரேட்டர் வெளிச்சத்தில் பல லயங்கள் இருந்தன. தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்பு, வசதிகள் சட்டம் 1990இல் நீரையும் மின்சாரத்தையும் கட்டாயமாக்கியது. தொலைபேசியைப் பற்றி அதில் பேச்சில்லை. அக்காலத்தில் அதனை எவரும் குறையாகக் கருதியிருக்கவும் மாட்டார்.

1998ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் வழி அனைவர்க்குமான சேவை நிதி உருவாயிற்று. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தம் நிகர வருமானத்தில், நிர்ணயிக்கப்பட்ட கணக்கீட்டின்படி, 6 விழுக்காட்டை இந்நிதிக்குச் செலுத்த வேண்டும். நல்ல ஏற்பாடே. எனினும் பின்தங்கிய இடத்தை வட்டாரச் சராசரியால் அளக்கும்போது, வளமான வட்டாரத்தின் நடுவே உள்ள லயம் கணக்கில் மறைந்துவிடும்.

2008இல் அரசும் டெலிகோம் மலேசியாவும் 1130 கோடி ரிங்கிட் மதிப்பிலான அதிவேக அகண்ட அலைவரிசைத் திட்டத்தில் கையெழுத்திட்டன. அதில் அரசின் பங்கு 240 கோடி. 2010 மார்ச்சில் யூனிஃபை முதலில் சென்ற இடங்கள் பங்சார், தாமான் துன் டாக்டர் இஸ்மாயில், சுபாங் ஜெயா, ஷா ஆலாம் ஆகியவை. முதலீட்டைத் திரும்பப் பெறும் நோக்கில் இது புரிந்துகொள்ளத்தக்கதே. பள்ளிகளுக்கென வந்த 1பெஸ்தாரிநெட் பெரும்பாலும் கம்பியில்லா இணைப்பையே நம்பியிருந்து 2019இல் முடிவுற்றது. தமிழ்ப்பள்ளிகள் பல அரசு நிலத்தில் இல்லாத காரணத்தால் பகுதி உதவி பெறும் பள்ளிகளாகவே நீடித்தன என்பதை ஆசிரியர்கள் நன்கறிவர். நிலத்தின் பெயரால் வந்த தடை கட்டடத்தோடு நின்றுவிடவில்லை.

பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடப்பட்ட 2020இல் ஜென்டெலா திட்டம் அறிவிக்கப்பட்டது. 2022 இறுதிக்குள் 75 இலட்சம் இடங்களை ஒளியிழை கடந்து செல்ல வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று. 'கடந்து செல்லுதல்' என்ற சொல் ஈண்டு நோக்கத்தக்கது. அது வீட்டருகே வடம் இருப்பதைக் குறிக்குமேயன்றி, வீட்டுக்குள் இணைப்பு இருப்பதைக் குறிக்காது. நெடுஞ்சாலை ஓரத்தில் வடம் இருக்கலாம். அங்கிருந்து லயத்துக்குச் செல்லும் செம்மண் சாலை தோட்ட நிறுவனத்தினுடையது. அதில் கம்பம் நடவும் குழி வெட்டவும் அந்நிறுவனத்தின் இசைவு வேண்டும்.

லயங்களில் இன்று குடியிருப்போருள் பெரும்பாலோர் வெளிநாட்டுத் தொழிலாளர். எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்களுக்கும் வீடு வேலையோடு சேர்ந்ததே. ஒளியிழைச் சேவைக்கோ வழக்கமாக 24 மாத ஒப்பந்தம் கோரப்படுகிறது. ஓய்வு பெற்றதும் காலி செய்ய வேண்டிய வீட்டின் பெயரில் அதற்குக் கையெழுத்திடுபவர் யார்?