மன்னார்ப் பார்களும் கடலுயிரியலின் வருகையும்

அறிவியற் கருத்துக்கள் ஆய்வுகூடத்திற் பிறந்து, பின்னரே நடைமுறைக்கு வருகின்றன என்ற எண்ணம் நம்மிடையே வலுவாக உண்டு. மன்னார்க் கடலில் நிகழ்ந்தது வேறு. கடலுயிரியலின் அடிப்படைக் கருத்துக்கள் இங்கு அரசிறைக் கணக்கின் வழியாகவே வந்து சேர்ந்தன.

முத்துக்குளிப்பு குடியேற்ற அரசின் ஏகபோகமாகும். குளியாளர் எடுத்த சிப்பியில் மூன்றிலிரண்டு அரசுக்கு; எஞ்சியதே அவர்களுக்கு. ஆயின் பார்கள் ஆண்டுதோறும் விளைவதில்லை. 1857இல் மருத்துவர் கேலார்ட் சிப்பியை ஆராய அமர்த்தப்பட்டதும், 1891க்குப் பின்னர் ஒரு தசாப்தத்துக்கு மேலாகக் குளிப்பு நிகழாமையால் லிவர்ப்பூல் பேராசிரியர் ஹேர்ட்மன், உதவியாளர் ஹோர்ணெலுடன் 1902இல் இங்கு வந்ததும் இக்காரணம் பற்றியே. அவர்தம் அறிக்கையை றோயல் சங்கம் 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டது.

அவ்வறிக்கையில் 'பார்' என்ற நம் சொல் ஆங்கில எழுத்தில் அப்படியே இடம்பெற்றுள்ளது. கொற்கை முத்தைப் பாடிய பழம்பாடல்களைப் பெருமையுடன் எடுத்துக்காட்டும் நம் அறிஞர்கள் இச்சொல்லின் பயணத்தைக் கவனித்ததாகத் தெரியவில்லை. மணற்பரப்பிடையே சிப்பி பற்றிக்கொள்ளத்தக்க கடினத் தளமே பார். வளர்ந்த சிப்பி அதில் இழைகளால் ஒட்டி வாழும். அதன் குடம்பியோ நீரில் மிதந்து, நீரோட்டம் கொண்டுசெல்லுமிடத்துக்குச் செல்லும். தளம் வாய்த்தாற் பிழைக்கும். மணலில் விழுந்தால் மடியும்.

பெரியபாரின் கதை இதனை நன்கு விளக்கும். ஆழ்கடலின் விளிம்பை அண்டிய அப்பாரில் இளஞ்சிப்பிகள் கணக்கின்றித் தோன்றி, முதிருமுன்னரே மறைந்தன. குளியாளர் அதனைத் தாய்ப்பார் என்றனர். அங்கிருந்தே சிப்பிகள் கரையோரப் பார்களுக்குச் செல்வதாகக் கருதினர். ஹேர்ட்மன் இதனை ஏற்கவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் வேகத்தால் அவை அழிகின்றன என்றும், இளஞ்சிப்பிகளைப் பாதுகாப்பான பார்களுக்குப் பெயர்த்திடல் வேண்டும் என்றும் கூறினார். அவர் கூற்றே பொருத்தமானது. எனினும் பார்கள் ஒன்றோடொன்று தொடர்புடையவை, அத்தொடர்பு நீரின்வழி நிகழ்வது என்ற பாதி உண்மையைக் குளியாளர் கண்டிருந்தனர் என்பது மனங்கொளத்தக்கது.

முத்தின் தோற்றம் பற்றிய விளக்கம் இன்னும் சுவையானது. நாடாப்புழுவின் குடம்பியைச் சுற்றியே முத்து உருவாகின்றது என்றனர். சிப்பியைக் கிளாத்தி தின்ன, கிளாத்தியைத் திருக்கை தின்ன, திருக்கையின் குடலில் அப்புழு முதிர்கின்றது என்றும் கருதினர். கேலார்ட்டும் முன்னரே ஒட்டுண்ணியைச் சுட்டியிருந்தார். மென்மூடியின் மேலணிக் கலங்கள் பையாகச் சூழ்ந்து முத்தை ஆக்குகின்றன என்பதும், ஒட்டுண்ணி அதனைத் தூண்டக்கூடிய காரணிகளுள் ஒன்று மட்டுமே என்பதும் பின்னைய ஆய்வுகளின் முடிவாகும். ஆயினும் சிப்பியின் பகைவனென அரசு அஞ்சிய மீன்களையும் உள்ளடக்கிய உணவுச்சங்கிலியொன்று இங்கு கருதப்பட்டமை சிறிதன்று.

மூலதனம் அச்சங்கிலிக்குக் காத்திருக்கவில்லை. 1903 முதல் 1907 வரை ஆண்டுதோறும் பார்கள் அள்ளப்பட்டன. 1905இல் மட்டும் அரசின் பங்கு ஏறத்தாழ 25 இலட்சம் ரூபா. 1906இல் பார்கள் ஆண்டுக்கு 3,10,000 ரூபாவாக 20 ஆண்டுக் குத்தகைக்குக் கம்பனியொன்றிடம் விடப்பட்டன. முத்துக்குளிப்போர் கம்பனி என்பது அதன் பெயர். குளித்தவர் எவரும் அதன் பங்காளரல்லர். 1907க்குப் பின்னர் பார்கள் நெடுங்காலம் வெறுமையாய்க் கிடந்தன; கம்பனியும் கலைந்தது. ஹோர்ணெல் சென்னை மாகாண மீன்பிடித்துறையிற் சேர்ந்து, 1914இல் இந்தியச் சங்கு பற்றி நூலெழுதினார். அச்சங்கும் குளியாளர் மூச்சடக்கிக் கடலடியிலிருந்து கொணர்ந்ததே.