சிறுநீரக மாற்றும் பெருங்குடல் பிதுக்கப்பை அழற்சியும்: ஒரு மருத்துவ வரலாறு

பெருங்குடல் சுவரின் வலுக்குன்றிய இடங்களில் உட்படலம் வெளிப்புறமாகப் பிதுங்கிச் சிறு பைகள் உருவாவதுண்டு. இவை பிதுக்கப்பைகள் எனப்படும். பெரும்பாலோருக்கு இவற்றால் தொல்லை இருப்பதில்லை. பை வீங்கி அழற்சி அடைந்தால் அது டைவர்டிகுலைட்டிஸ் ஆகும். பை கிழிந்தால் மலமும் கிருமிகளும் வயிற்றறைக்குள் பரவி உயிருக்கே ஆபத்தாகும். மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களிடம் இந்த ஆபத்து பெரிய அறிகுறிகள் இன்றியே முற்றிவிடக்கூடும். சிறுநீரகத்தைக் காக்கும் மருந்துகளே அறிகுறிகளை மறைப்பது இதற்குக் காரணம்.

தொடக்கக் காலம்

1954 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் முர்ரே குழுவினர் உலகின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவையைச் செய்தனர். கொடுத்தவரும் பெற்றவரும் ஒத்த இரட்டையர் என்பதால் உடல் புதிய உறுப்பை எதிர்க்கவில்லை. மற்றவர்களுக்கு அந்த எதிர்ப்பை அடக்க வேண்டியிருந்தது. 1960களில் அசாதையோபிரினும் ஸ்டீராய்டும் சேர்த்துக் கொடுக்கும் முறை பரவியது.

ஸ்டீராய்டு காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும். காய்ச்சல், வயிறு இறுகுதல் ஆகியவற்றை மட்டுப்படுத்தும். அதிக அளவு ஸ்டீராய்டு தரப்பட்ட அக்காலத்தில், குடல் கிழிந்தவர்களுக்கு நோய் தாமதமாகவே கண்டறியப்பட்டது, பலர் இறந்தனர்.

1971

இவ்வரலாற்றின் மூன்று இழைகள் 1971இல் தோன்றின. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அதே ஆண்டு பெயின்டர், பர்கிட் ஆகிய மருத்துவர்கள், நார்ச்சத்துக் குறைந்த மேலை உணவே பிதுக்கப்பை நோய்க்குக் காரணம் என்று எழுதினர். இலண்டனில் சி.டி. ஸ்கேன் கருவியால் முதன்முறையாக ஒரு நோயாளி பரிசோதிக்கப்பட்டார். பின்னாளில், தொட்டுப் பார்த்து அறிய முடியாத வயிற்று அழற்சியைக் காட்டிக்கொடுத்தது இந்த ஸ்கேன்தான்.

1980களில் சைக்ளோஸ்போரினும் அதன் பின் டாக்ரோலிமசும் வந்ததால் ஸ்டீராய்டின் அளவைக் குறைக்க முடிந்தது. ஆபத்து குறைந்தது; நீங்கவில்லை. பரம்பரையாக வரும் பல்நீர்க்கட்டிச் சிறுநீரக நோயால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களிடம் பிதுக்கப்பை அழற்சி கூடுதலாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன.

நம் நாட்டில் ஒரு சிக்கல்

மேலை நாடுகளில் பிதுக்கப்பைகள் பெரும்பாலும் பெருங்குடலின் இடப்பக்கத்தில் உண்டாகின்றன. ஆசியர்களிடம் வலப்பக்கத்தில் உண்டாவது அதிகம். மாற்றுச் சிறுநீரகமும் வழக்கமாக வலது அடிவயிற்றில்தான் பொருத்தப்படுகிறது. ஆகவே அங்கு எழும் வலியைச் சிறுநீரகக் கோளாறு என்றோ குடல்வால் அழற்சி என்றோ தவறாகக் கருத இடமுண்டு.

திட்டக்குடியிலிருந்து பார்க்கையில்

தமிழ்நாட்டில் மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளைப் பகிரும் அரசுத் திட்டம் 2008இல் தொடங்கியது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மாற்று அறுவைக்கும் உதவுகிறது. இதனால் சிற்றூர்களைச் சேர்ந்தவர்களும் மாற்றுச் சிறுநீரகம் பெறுகின்றனர். ஆனால் அறுவைக்குப் பின் அவர்கள் வாழ்வது ஊரில். கடலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் உள்ள திட்டக்குடியிலிருந்து சென்னை 200 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. புதுச்சேரி ஜிப்மருக்கும் நெடும்பயணம்தான். வயிற்றுவலி வந்தால் முதலில் பார்ப்பவர் உள்ளூர் மருத்துவரே.

அவரிடம் "எனக்கு மாற்றுச் சிறுநீரகம் உள்ளது" என்று முதலிலேயே சொல்லி, மருந்துச் சீட்டையும் காட்ட வேண்டும். கடையில் வாங்கும் வலி மாத்திரைகள் பல சிறுநீரகத்தைக் கெடுக்கும். குடல் கிழியும் வாய்ப்பையும் கூட்டும். எரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லிகள் இரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை உயர்த்திவிடும். ஸ்டீராய்டைத் தாமாக நிறுத்துவதும் ஆபத்து. மாற்று அறுவை செய்த மையத்துடன் உடனே தொலைபேசியில் பேசி, ஸ்கேன் எடுப்பதே முறை. காலத்தோடு கண்டறிந்தால் பலருக்கு மருந்திலேயே குணமாகும். கிழிந்துவிட்டால் அறுவை தேவைப்படும்.

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவரின் வயிற்றுவலி லேசாக இருந்தாலும் அதை லேசாக எண்ணக்கூடாது என்பதே இந்த வரலாறு கற்பித்த பாடம்.