வலிப்பல்லாத அலைகள்

வலிப்பு கண்டவர் கையில் இரும்புச் சாவியைத் திணிக்கும் வழக்கம் வெள்ளகோவில் வட்டாரத்தில் மட்டுமின்றித் தமிழகமெங்கும் நெடுங்காலமாக நிலவுவது. ஆயினும் அந்நோயின் பெயர் ஒரு குடும்பத்தின்மீது விழுந்தபின் நேரும் அவமானத்துக்கு எந்த உபாயமும் இருந்ததில்லை. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், அடிக்கடி வலிப்பு காண்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகத்தையே ரத்து செய்வதற்குரிய காரணங்களுள் ஒன்றாயிற்று. 1999-இல்தான் அது நீக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில், மூளையலைப் பதிவாகக் காகிதத்தில் ஓடிய சில கோடுகளைப் பிழையாக வாசித்தல் ஒரு பெண்ணின் வாழ்வைக் குலைக்கவல்லதாயிருந்தது.

அக்கோடுகளின் சரித்திரம் பெரிதன்று. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்து, 1929-இல் வெளியிட்டார். 1935-இல் கிப்ஸ், டேவிஸ், லெனாக்ஸ் ஆகிய அமெரிக்க அறிஞர்கள், கணநேரம் நினைவு தப்பும் வலிப்பில் விநாடிக்கு மூன்றாக எழும் கூரலையைக் காட்டியபின், கூரிய அலை யாவும் நோயின் முத்திரை என்ற எண்ணம் பலரிடம் வேரூன்றியது. 1951-இல் கிப்ஸ் தம்பதியர், விநாடிக்கு 14 ஆகவும் 6 ஆகவும் தோன்றும் ஒருவகை அலையை மூளையின் ஆழத்தில் எழும் வலிப்பின் சாட்சியமென்று அறிவித்தனர். தலைவலிக்கும் சிறுவரின் முரட்டுத்தனத்துக்கும்கூட அதனோடு சம்பந்தம் கற்பிக்கப்பட்டது. 1966-இல் லொம்ப்ரோசோ குழுவினர் யாதொரு நோயுமற்ற விடுதிப் பள்ளிச் சிறுவர்களைப் பரிசோதித்தபோது, பாதிக்கு மேற்பட்டோரிடம் அதே அலை காணப்பட்டது! 1977-இல் கனடாவின் ரெய்ஹரும் லெபெலும், நடுவயதினருக்குத் தூக்கம் கண்ணைச் செருகும் வேளையில் நெற்றிப்பொட்டுப் பகுதியில் வளைவு வளைவாய் எழும், வலிப்பைக் குறிக்காத அலையொன்றை விவரித்தனர். அது தனித்து எழுமாயின், இன்றும் தேர்ந்த கண்களையே ஏமாற்றும்.

நம் நாட்டில், மான்ட்ரியலில் மூளை அறுவை வல்லுநர் பென்ஃபீல்டிடம் பயின்ற ஜேகப் சாண்டி 1949-இல் வேலூரிலும், பி. ராமமூர்த்தி 1950-இல் சென்னையிலும் மூளை அறுவைச் சிகிச்சைத் துறைகளைத் தொடங்கினர். வலிப்புக்கான அறுவையும் 1952-இல் வேலூரில் நிகழ்ந்தது. பின்னர் மூளையலைகளைப் பதியும் இ.இ.ஜி. இயந்திரம் பரவிய வேகத்தில் அதை வாசிக்கும் பயிற்சியும் பரவியதாக எனக்குத் தோன்றவில்லை.

வலிப்பல்லாத இவ்வலைகளுள் பல, அரைத்தூக்கத்திலும் இலேசான உறக்கத்திலுமே தோன்றுபவை. மெய்யான வலிப்பலையும் அப்போதே வெளிப்பட ஏதுவிருப்பதால், இரவு கண் விழித்து வரும்படி பரிசோதனைக் கூடத்தார் சொல்வதுண்டு. விசைத்தறியில் இராப்பணி முடித்தவர், பசியாலோ வெக்கையாலோ மயங்கி விழுந்து, மறுநாள் தலையில் கம்பிகளோடு படுத்துக் கண்ணயரும்போது, ஒரு பாவமுமறியாத இவ்வலைகள் எழக்கூடும். வலிப்பலை பெரும்பாலும் இயல்பான தாளத்தை முறித்து, பின்னே ஒரு மந்த அலையை இழுத்து வரும். இவையோ அத்தாளத்தைக் குலைப்பதில்லை.

ஆகவே வெள்ளகோவில் வாசகர்களே, கோவைக்கோ ஈரோட்டுக்கோ பரிசோதனைக்குப் போகும்போது, விழுந்ததை நேரில் கண்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். ஐயமிருப்பின் நரம்பியல் வல்லுநர் மற்றொருவரிடம் அந்த அலைவரைவைக் காட்டுங்கள். அதுவரை மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.