சுழலில் சிக்கிய சிதாரா

1912 ஆகஸ்ட் 25. இங்கிலாந்தின் சாலிஸ்பரி சமவெளிக்கு மேலே ஓர் ஆவ்ரோ விமானம் மூக்கைக் கவிழ்த்துப் பம்பரம் போலச் சுழன்றபடி விழுந்தது. அந்தக் காலத்தில் இப்படிச் சுழன்றால் விமானி பிழைப்பது அபூர்வம். ஓட்டியவர் வில்பிரட் பார்க் என்ற கடற்படை அதிகாரி. தரைக்கு மிக அருகில் வந்துவிட்ட நேரத்தில், சுழலும் திசைக்கு எதிர்ப்பக்கமாகச் சுக்கானை மிதித்தார். சுழற்சி நின்றது! அன்று அவர் கண்ட அந்த வழிதான் இன்றும் பயிற்சி விமானிகளுக்குச் சொல்லித் தரப்படுகிறது.

விமானம் ஏன் சுழல்கிறது? இறக்கையின் மேல் காற்று ஒட்டி ஓடும் வரைதான் அது விமானத்தைத் தூக்கும். இறக்கைக்கும் எதிர்க்காற்றுக்கும் இடையிலான கோணம் ஏறக்குறைய 15 டிகிரியைத் தாண்டினால் காற்று பிரிந்துவிடும், தூக்கும் விசை சரிந்துவிடும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். (மூக்கு வானத்தைப் பார்க்க வேண்டும் என்பதில்லை. கீழே விழும் விமானத்திலும் இந்தக் கோணம் பெரிதாக இருக்கும்.) ஒரு பக்க இறக்கை மற்றதைவிட அதிகமாக ஸ்டால் ஆனால் விமானம் அந்தப் பக்கம் சாய்ந்து சுழலத் தொடங்கும். அதை நிறுத்த வேண்டியது வால் சுக்கான். ஆனால் அந்த நேரத்தில் விமானத்தின் உடலும் வாலின் கிடைப்பகுதியும் சுக்கானுக்கு வரும் காற்றை மறைத்துவிடலாம். காரைக்கால்மேட்டில் படகு ஓட்டுகிறவர்களுக்கு இது புதிதல்ல. தண்ணீர் ஓடாத இடத்தில் சுக்கானைத் திருப்பி என்ன பயன்?

இந்தச் சிக்கலில்தான் நம் நாட்டு சிதாரா மாட்டியது. 1964இல் முதலில் பறந்த கிரண் பயிற்சி விமானத்துக்கு மாற்றாக இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எச்ஜேடி-36 இது. 2003 மார்ச் 7 அன்று பெங்களூரில் முதன்முதலாகப் பறந்தது. பறந்ததே தவிர, ஸ்டாலிலும் சுழற்சியிலும் நம்பும்படி நடந்துகொள்ளவில்லை. போர் விமானத்தில் கணினி விமானியைத் தடுத்துக் காப்பாற்றும். பயிற்சி விமானத்தில் மாணவன் வேண்டுமென்றே சுழலுக்குள் போய் வெளியே வரப் பழக வேண்டுமே! அது முடியாத விமானத்தை இருபது வயதுப் பையனிடம் எப்படிக் கொடுப்பது?

வருடங்கள் ஓடின. இடையில் விமானப்படை சுவிட்சர்லாந்திடமிருந்து 75 பிலாட்டஸ் விமானங்களை வாங்கிக்கொண்டது. (காலதாமதத்தின் விலையை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று கணக்கியல் புத்தகங்கள் சொல்வதில்லை.) கடைசியில் வடிவமைப்பையே மாற்றினார்கள். செங்குத்து வாலைப் பின்னுக்குத் தள்ளி, சுக்கானின் பரப்பைக் கூட்டினார்கள், சுழலின்போதும் அதற்குப் போதிய காற்று கிடைக்கட்டும் என்று. ஆபத்துக்கு உதவ, சுழற்சியை நிறுத்தும் பாராசூட்டும் பொருத்தப்பட்டது. 2019 ஏப்ரலில் மாற்றிய விமானம் பறந்தது. 2022 ஜனவரியில், இடப்பக்கம் ஆறு சுற்று, வலப்பக்கம் ஆறு சுற்று சுழன்று மீண்டுவிட்டதாக நிறுவனம் அறிவித்தது.

முதல் பறப்புக்கும் இந்த ஆறு சுற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 19 வருடம். 2025இல் சிதாராவுக்கு 'யஷஸ்' என்று புதுப்பெயர் வைத்தார்கள். புகழ் என்று பொருள்.