காண்ட்ரைட்

பூமியில் விழும் விண்கற்களில் பெரும்பாலானவை காண்ட்ரைட் எனும் கல் வகை. கிரேக்கத்தில் ‘கோண்ட்ரோஸ்’ என்றால் தானிய மணி, குருணை. பெர்லின் கனிமவியலாளர் குஸ்தாவ் ரோசே 1864இல் இந்தப் பெயரைச் சூட்டினார். கல்லுக்குள் செறிந்து கிடக்கும் சிறு உருண்டைகள்தாம் காரணம். காண்ட்ரூல் எனப்படும் அவை பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவானவை. இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்காது.

கல்லை 0.03 மில்லிமீட்டர் தடிமனுக்குத் தேய்த்து, முனைவாக்கிய ஒளியில் நுண்ணோக்கி வழியே பார்க்க வேண்டும். வெறும் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிந்த கல் அங்கே நீலமும் மஞ்சளும் ஊதாவுமாகச் சுடர்விடும்! ஓர் உருண்டையில் ஒலிவின் என்னும் கனிமத்தின் பட்டைகள் அடுத்தடுத்து நிற்கும், இடையிடையே கண்ணாடி. இன்னொன்றில் பைராக்சீன் என்னும் கனிமத்தின் இழைகள் விளிம்பிலுள்ள ஒரு புள்ளியிலிருந்து விசிறிபோல் விரியும். ஒளி புகாமல் கறுத்துக் கிடப்பவை இரும்பு-நிக்கல் உலோகமும் ட்ராய்லைட் என்னும் இரும்பு சல்ஃபைடும்.

உருகிய துளி விரைவாகக் குளிர்ந்தால்தான் பட்டையும் விசிறியும் உண்டாகும். ஆங்கிலேய அறிஞர் ஹென்றி கிளிஃப்டன் சோர்பி 19ஆம் நூற்றாண்டிலேயே இந்த உருண்டைகள் உருகிய துளிகள் என்று கண்டுகொண்டார். அவை உறைந்து சுமார் 456 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அவற்றை உருக்கிய வெப்பம் எங்கிருந்து வந்தது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.