மாணவியரும் சைக்கிளும் ஒரு கொட்டிலும்

நூற்றாண்டு மலர் என்றால் கட்டடங்களின் வரலாறு அதில் தவறாமல் இடம்பெறும். எந்த மண்டபத்துக்கு யார் அடிக்கல் நாட்டினார், ஆய்வுகூடம் எப்போது திறக்கப்பட்டது என்பதெல்லாம் இம்மலரின் ஏனைய பக்கங்களில் உள்ளன. நாம் எழுத எடுத்துக்கொண்டது மிகச் சிறிய கட்டடம் ஒன்றைப் பற்றி: நான்கு தூண், ஒரு கூரை, அதன் கீழ் வரிசையாகச் சைக்கிள்கள். யாழ்ப்பாணத்தில் அது பாடசாலையின் இயல்பான ஓர் அங்கம். கொழும்பில் நம் பாடசாலையில் அது இருந்ததே இல்லை. இந்த வேறுபாட்டுக்குள் நம்மில் பலருடைய இளமைக்காலம் கிடக்கிறது.

பெண்ணும் சைக்கிளும் கொழும்புக்குப் புதிய செய்தியல்ல. 1894இல் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலிருந்து சைக்கிளோடு உலகைச் சுற்றப் புறப்பட்ட அனி லண்டன்டெரி என்ற பெண், அடுத்த ஆண்டு கப்பலில் கீழைத்தேசம் வந்த வழியில் கொழும்பையும் தொட்டுச் சென்றார். அதற்கடுத்த ஆண்டு, பெண்களின் விடுதலைக்குச் சைக்கிளைப் போல வேறெதுவும் உதவவில்லை என்று சூசன் பி. அந்தனி கருத்துச் சொன்னார். ஆனால் நம் வீடுகளில் சைக்கிள் என்றால் பாண்காரர், மீன்காரர், பேப்பர் போடும் பையன், தந்திச் சேவகர் ஆகியோர்தாம். "நல்ல வீட்டுப் பிள்ளை" முதலில் ட்ராமில் போனாள் (1960இல் அதுவும் நின்றுவிட்டது), பிறகு பஸ்ஸில் போனாள், பிறகு பாடசாலை வானில் திணிக்கப்பட்டாள். கொட்டாஞ்சேனையிலிருந்தும் வெள்ளவத்தையிலிருந்தும் வந்த நம் மூத்த மாணவியரிடம் கேட்டால் அண்ணாவின் சைக்கிளை ஒழுங்கையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்த கதை சொல்வார்கள். அதிலேயே பாடசாலைக்கு வந்த கதையை எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

வடக்கிலோ கதை வேறு. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபோது யாழ்தேவி நின்றது. எரிபொருளுக்குத் தடை வந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெய் குடித்து இருமிக்கொண்டு ஓடின. மற்ற எல்லாப் பயணத்தையும் சைக்கிளே சுமந்தது: ரியூசன், சங்கக் கடை, ஆசுபத்திரி, விறகு, கரியரில் அம்மம்மா. மின்சாரம் இல்லாத இரவுகளில் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டதும் அதே சைக்கிளில்தான். பெண் பிள்ளை லேடீஸ் சைக்கிளில் போவதைத் திரும்பிப் பார்க்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

சைக்கிள் பெருகியதும் அதை வைக்கும் இடமும் பெருகியது. பாடசாலைக் கொட்டில்கள் கிடுகாலும் தகரத்தாலும் நீண்டன. சந்தைக்கும் ஆசுபத்திரிக்கும் பக்கத்தில் சைக்கிள் பாதுகாப்பு நிலையங்கள் ஒரு தொழிலாகவே நடந்தன. இலக்கம் எழுதிய துண்டு ஒன்று ஹான்டிலில், அதன் சோடி நம் கையில். நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் கோயிலைச் சுற்றியுள்ள வளவுகள் சைக்கிள்களால் நிறைந்தன. கூரை அங்கே ஆடம்பரமல்ல. வெயிலில் நின்ற சீற் சுடும், ரயர் வெடிக்கும். மார்கழி மழையில் நனைந்த சீற்றில் வெள்ளைச் சீருடையோடு ஏறி உட்கார்ந்தால் பின்னால் பழுப்புக் கறை விழும். அன்று முழுவதும் புத்தகப் பையால் மறைத்துக்கொண்டே நடக்க வேண்டும். பையன்களுக்கு இது சில்லறை விஷயம். பதினான்கு வயதுப் பிள்ளைக்கு, நாளைக்குச் சைக்கிளில் போவதா இல்லையா என்பதை இதுவே தீர்மானிக்கும்.

1995 ஒக்டோபர் 30இல் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தவர்கள் பல்லாயிரம். அவர்களில் ஒரு பகுதியினர் அடுத்த சில ஆண்டுகளில் கொழும்புக்கு வந்து லொட்ஜ்களிலும் தொடர்மாடிகளிலும் தங்கினர். நம் வகுப்புகளில் புதுமுகங்கள் வந்து சேர்ந்தன. ஐந்து ஆண்டுகள் தனியாகச் சைக்கிள் ஓடித் திரிந்த பிள்ளை, இங்கே காலி வீதியைக் கடக்கவும் தாயின் கையைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, சோதனைச் சாவடி எனப் பயம் நிறைந்த காலம் அது. ஆளில்லாமல் வீதியோரம் நிற்கும் எந்த வாகனமும் சந்தேகத்துக்கு உரியது. வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருந்த நம் தோழி ஒருத்தி, தந்தை வாங்கித் தந்த பழைய லுமாலாவைப் படிக்கட்டின் கீழே வைத்தாள். கட்டட உரிமையாளர் அதை வெளியே வைக்கச் சொன்னார். கடற்காற்றில் உப்பு படிந்து சங்கிலி சில வாரங்களில் துருப்பிடித்து இறுகியது. பாடசாலையில் கேட்டதற்கு, உள்ளே இருக்கிற இடம் ஆசிரியர்களின் கார்களுக்கே போதாது என்ற பதில் வந்தது. அவள் வானுக்கு மாறினாள். இப்போது நோர்வேயில் இருக்கிறாள். பனிக்காலத்திலும் ரயில் நிலையக் கொட்டிலில் சைக்கிளை விட்டுவிட்டு வேலைக்குப் போவதாக எழுதுகிறாள்.

2022இல் கொழும்பும் யாழ்ப்பாணமானது. ஜூன் 26ஆம் திகதி ஒக்ரேன் 92 பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று; அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. பாடசாலைகள் மூடப்பட்டன. காலி வீதியில் அலுவலக உடையோடு பெண்கள் சைக்கிள் ஓடியதைக் கண்டோம், மகிழ்ந்தோம். கியூஆர் முறை வந்து எரிபொருள் சீரானதும் அந்தச் சைக்கிள்களில் பெரும்பாலானவை பல்கனிக்குப் போய்விட்டன. சோம்பல் என்று சிலர் சொல்வார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சுப்பர் மார்க்கெட்டில் காருக்கு வழிகாட்டக் காவலர் நிற்கிறார். சைக்கிளைக் கண்டால் "இங்கே வைக்க வேண்டாம்" என்கிறார். வங்கியிலும் கோயில் வாசலிலும் இதே நிலைதான். நெதர்லாந்தில் உட்ரெக்ட் ரயில் நிலையத்தின் கீழே 12,500 சைக்கிள்களுக்குக் கூரையும் காவலும் உண்டு. முதல் 24 மணி நேரம் இலவசம். நமக்கு அவ்வளவு தேவையில்லை. ஒரு கார் நிற்கும் இடத்தில் பத்துச் சைக்கிள்கள் நிற்கும்.

சங்கத்தின் நூற்றாண்டுத் திட்டங்களில் ஒரு கொட்டிலும் சேர்க்கப்பட வேண்டும் என்பது நம் விருப்பம். கட்டுபவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும். கொழும்பில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை. தென்மேற்குப் பருவத்தில் அது கடற்பக்கமிருந்து சாய்வாக அடிக்கும். ஆகவே மேற்குப் பக்கம் கூரை தாழ இறங்க வேண்டும். முன் சில்லை மட்டும் கவ்வும் தாங்கி சில்லை வளைத்துவிடும். உடற்சட்டத்தைச் சாய்த்துப் பூட்டக்கூடிய வளைகுழாய் நல்லது. கடற்காற்றுக்கு நாகம் பூசிய இரும்பே தாங்கும். எல்லாவற்றிலும் முக்கியம், அதைப் பின்வளவில், மலசலகூடத்துக்கு அப்பால் ஒதுக்கிவிடக் கூடாது. பின்னேர வகுப்பு முடிந்து இருட்டுகிற நேரத்தில் பிள்ளைகள் தனியே அங்கே போகமாட்டார்கள். வாயிலுக்கு அருகே, காவலரின் கண்ணில் படும் இடத்தில் இருக்கட்டும். அவருடைய கதிரையும் இப்போது வெட்டவெளியில்தான் இருக்கிறது; மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.